பி.காம் படித்து முடிக்க மூன்று வருடத்துக்கு எவ்வளவு ஆகும்? உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு உயர்கல்வித் துறைக்கும் கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கும் வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிறேன். பதினேழு வருடமாக இதே வேலை. மே மாதம் விடுமுறைதான் என்றாலும் ரிசல்ட் வந்ததும் ஒரு பத்து நாள் பள்ளிக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன். அம்மாவோடு வருகிற பிள்ளைகள், தாத்தாவோடு வருகிறவர்கள், தனியாக சைக்கிளில் வருகிறவர்கள் என்று வரிசையாக வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பி.காம் எங்க சேரலாம் சார்? எவ்ளோ ஆகும்?"

எங்கே சேரலாம் என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடிகிறது. எவ்வளவு ஆகும் என்பதற்கு முடியவில்லை. கணக்கு வாத்தியாருக்கே தெரியாத ஒரு கணக்காக அது இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

2025 மே மாதம் ஒரு அம்மா வந்தார். பட்டு நெசவுக் குடும்பம், வீட்டில் ஒரு தறி. மூத்த பெண் என் மாணவிதான். 2022-இல் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் பி.காம் சேர்ந்தவள், அந்த மாதம்தான் கடைசி செமஸ்டர் எழுதி முடித்திருந்தாள். இளையவன் அந்த வருடம் பிளஸ் டூ. அம்மா கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே மூன்று வருட ரசீதுகளும் ஒன்று விடாமல் இருந்தன.

"பெரியவளுக்கு எவ்ளோ கட்டுனோம்னே தெரியல சார். கேக்கறப்பல்லாம் கட்டிட்டோம். சின்னவனுக்காவது முன்னாடியே கணக்கு போட்டுக்கணும். இதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க" என்றார்.

ரசீதுகளை மேசைமேல் பரப்பி, பேரேடு எழுதுகிற மாதிரி தலைப்புத் தலைப்பாகப் பிரித்தோம். சேர்க்கையின்போது அவர்களிடம் சொன்ன தொகை வருடத்துக்கு 18,000 ரூபாய். இரண்டாம் வருடம் அது 20,000, மூன்றாம் வருடம் 22,000. ஆக 60,000. கல்லூரி பஸ்ஸுக்கு வருடம் 15,000 வீதம் 45,000. "ஸ்கில் டிரெய்னிங்" என்று வருடத்துக்கு 5,000 வீதம் 15,000. தேர்வுக் கட்டணம் ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து 9,000. யூனிஃபார்முக்கு 3,000. மொத்தம் 1,32,000 ரூபாய்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பதினெட்டாயிரம்னுதானே சார் சொன்னாங்க" என்றார்.

அந்தக் கல்லூரி பொய் சொன்னதாக நான் சொல்லவரவில்லை. 18,000 என்று சொன்னது உண்மைதான். மீதியைச் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்று அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பே 1,32,000 என்று ஒரே எண்ணாகச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் இரண்டாவது யோசனை செய்திருக்கும். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. தேர்வுக் கட்டணமும் சில சிறு கட்டணங்களும்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போக உதவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அந்தப் பெண்ணுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வருடத்துக்கு 12,000. கல்லூரி பஸ்ஸுக்கு வருடம் 15,000. அரசு கொடுத்த பணம் முழுவதும் பஸ் கட்டணமாகப் போய், மேலே மூவாயிரம் கைக்காசும் போயிருக்கிறது.

சரி, ஏன் அரசு கல்லூரிக்கு விண்ணப்பிக்கவில்லை? கேட்டேன். 2022-இல் பிளஸ் டூ ரிசல்ட் தாமதமாக, ஜூன் 20-ஆம் தேதிதான் வந்தது. அரசு கல்லூரிக்கான இணைய விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் திறந்தது. தனியார் கல்லூரியின் ஆட்கள் அதற்கு வெகுநாள் முன்பே தெருவுக்குள் வந்துவிட்டார்கள். "இப்போ ரெண்டாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க, இல்லன்னா சீட் போயிடும்" என்றார்கள். கட்டினார்கள். கட்டிய பிறகு வேறு இடம் தேட மனசு வரவில்லை. நானும் அந்த நேரத்தில் விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

பெற்றோருக்கு விவரம் பத்தவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு புடவைக்கு எவ்வளவு ஜரிகை, எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு நிற்கும் என்று மனக்கணக்காகவே சொல்கிறவர் அந்த அம்மா. கணக்குப் போட அவருக்குத் தெரியும். போடுவதற்கு எண்களை நாம்தான் கொடுக்கவில்லை.

பொறியியல் படிப்புக்கு நீங்கள் இதைச் செய்துகாட்டியிருக்கிறீர்கள். கலந்தாய்வு ஒரே இடத்தில் நடக்கிறது, சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. எம்.பி.ஏ. படிக்கப் போகிறவனுக்கும் ஒரு வழி இருக்கிறது: அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு, அதன்பின் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி வழியாகக் கலந்தாய்வு. ஆனால் வணிகம் படிக்க நினைக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நுழைவது பி.காம், பி.பி.ஏ. என்கிற வாசல் வழியாகத்தான். அந்த வாசலில்தான் விலைப்பலகை இல்லை.

என் மேசைக்கு வருகிற குழப்பங்களில் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் எய்டடு, செல்ஃப் ஃபைனான்ஸ் விவகாரம். ஒரே காம்பவுண்டுக்குள், ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டு கல்லூரி நடக்கிறது என்பது எங்கள் பெற்றோர் பலருக்குத் தெரியாது. சென்னையில் லயோலா, எம்.சி.சி. (சென்னைக் கிறித்தவக் கல்லூரி) போன்ற பழம்பெரும் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று என இரண்டு உண்டு. மாவட்டங்களிலும் அப்படித்தான். கிடைக்கிற பட்டம் ஒன்றுதான், கட்டணம் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. "அது எய்டடு காலேஜ்தான் சார், நம்ம சொந்தக்காரப் பையன் கம்மியாத்தான் கட்டினான்" என்று நம்பிப் போவார்கள். அங்கே போனால் எய்டடு பிரிவில் இடம் முடிந்திருக்கும், கையில் சுயநிதிப் பிரிவின் விண்ணப்பத்தைக் கொடுப்பார்கள். இரண்டு விண்ணப்பமும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், தமிழில், 'இது சுயநிதிப் பிரிவு' என்று அச்சிட வேண்டும் என்று நீங்கள் ஓர் உத்தரவு போட்டால் போதும்.

அடுத்து, படிப்பின் பெயர். பி.காம் பொது, பி.காம் கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், பி.காம் அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், பி.காம் பேங்க் மேனேஜ்மென்ட், பி.காம் சி.ஏ. என்று பட்டியல் வருடா வருடம் நீள்கிறது. பெயர் நீள நீளப் பெரும்பாலும் கட்டணமும் நீள்கிறது. இதில் 'சி.ஏ.' என்ற இரண்டு எழுத்து செய்கிற வேலையைச் சொல்லி மாளாது. பி.காம் சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். கம்ப்யூட்டர் பாடங்கள் சேர்ந்த பி.காம். அவ்வளவுதான். ஆடிட்டர் ஆவதற்கான சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பு வேறு. அதை நடத்துவது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், எந்தக் கல்லூரியும் அல்ல. என் மாணவி ஒருத்தியின் அப்பா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், "பாப்பா சி.ஏ. சேர்ந்துட்டா, மூணு வருஷத்துல ஆடிட்டர்" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இரண்டாம் வருடத்தில்தான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் அழுதது சேர்ந்த படிப்புக்காக அல்ல, அப்பா ஸ்டாண்டில் என்ன சொல்லுவார் என்று நினைத்துத்தான்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆடிட்டர் ஆக, பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். அல்லது வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் வாங்கிவிட்டு நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். அந்த 55 சதவீதத்தை எந்தக் கல்லூரியில் வாங்கினாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வங்கித் தேர்வுக்கு ஒரு பட்டம் வேண்டும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்கும் அப்படியே. ஆக வணிகவியலில் கல்லூரிக்குக் கொட்டுகிற பணத்தைவிட, ஐந்தொகையைத் தப்பில்லாமல் போடுவதும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தெரிவதும், டாலி என்கிற கணக்கு மென்பொருளில் கை ஓடுவதும்தான் சோறு போடும். கட்டணம் குறைந்த கல்லூரி என்றால் படிப்பும் குறைச்சல் என்ற எண்ணத்தை உடைக்க உங்களிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. 2022, 2023 இரண்டு வருடமும் தேசியத் தரவரிசையில் கல்லூரிகள் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது சென்னை மாநிலக் கல்லூரி. அது ஓர் அரசு கல்லூரி. இதை எங்கள் பெற்றோரிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். தனியார் கல்லூரியின் விளம்பரம் மினிபஸ்ஸின் பின்பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. அரசு கல்லூரிக்கு அப்படி ஒரு நோட்டீஸ்கூட எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

அப்புறம், பட்டத்தின் பெயர் விதவிதமாக இருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, 'இந்தப் பட்டம் பி.காம் பட்டத்துக்கு இணையானதா' என்ற கேள்வி வந்து, இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புதுப்பெயரில் ஒரு படிப்பைத் தொடங்க அனுமதிக்கும்போதே இணைத்தன்மையையும் முடிவுசெய்து, சேர்க்கை அறிவிப்பிலேயே போட்டுவிட்டால் அந்த அலைச்சல் இருக்காது. பி.பி.ஏ. 2024-25 கல்வியாண்டிலிருந்து ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஒப்புதலின் கீழ் வந்துவிட்டது. எந்தக் கல்லூரிக்கு ஒப்புதல் இருக்கிறது என்பதையும் நான் கீழே கேட்கப்போகும் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

ஒரே ஒரு பட்டியல் வேண்டும். மாவட்டவாரியாக, அரசு, அரசு உதவிபெறும், சுயநிதி என எல்லாக் கல்லூரிகளும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வணிகவியல், மேலாண்மைப் படிப்புக்கும் எதிரே சேர்க்கை நாளிலிருந்து கடைசி செமஸ்டர் வரை ஆகும் மொத்தச் செலவை ஒரே எண்ணாகப் போட வேண்டும். டியூஷன் ஃபீஸ் மட்டும் போதாது. அந்த மஞ்சள் பையில் 18,000, 20,000, 22,000 என்ற ரசீதுகளைக் கூட்டினால் 60,000. மற்ற ரசீதுகள் 72,000. தேர்வு, பயிற்சி, யூனிஃபார்ம், பஸ், விடுதி என்று கல்லூரி எதற்கெல்லாம் கை நீட்டுமோ அதெல்லாம் பட்டியலில் வர வேண்டும். அதில் போடாத ஒரு ரூபாயைக்கூட நடுவில் வசூலிக்கக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியும் அதைக் கையொப்பமிட்டு உங்களிடம் கொடுக்க வேண்டும். நன்கொடை வசூலைத் தடைசெய்ய 1992-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்ல வைப்பதற்குப் புதிதாகத் துணிச்சல் ஒன்றும் தேவையில்லை.

அந்தப் பட்டியல் பிப்ரவரி மாதமே எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். நேரம் முக்கியம். 2024-இல் மே 6 அன்று ரிசல்ட் வந்தது, அரசு கல்லூரி விண்ணப்பமும் அன்றே தொடங்கியது. பதினைந்து இருபது நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்குள் வருமானச் சான்று, சாதிச் சான்று, இ-சேவை மையத்தில் வரிசை. இதற்கு நடுவே கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிக் கட்டணம் விசாரிக்கக் கூலி வேலைக்குப் போகும் ஒருவரால் முடியாது. 'கல்லூரிக் கனவு' என்கிற அரசின் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப் போகிறோம். அங்கேயே இந்தத் தாளையும் கையில் கொடுத்து அனுப்பலாம். பெற்றோர் கூட்டத்தில் நானே நின்று வாசித்துக் காட்டுகிறேன்.

அரசு கல்லூரிக்கு விண்ணப்பச் செலவு என்னவோ மிகக் குறைவுதான். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆதிதிராவிடர் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும் என்றுதான் வைத்திருந்தீர்கள். அதற்காக உங்களுக்கு மனமார நன்றி. ஆனால் அரசு கல்லூரியில் பி.காம் இடம் கிடைப்பது எளிதாக இல்லை. மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களுக்கு நானூறு என்று போடுகிற தரவரிசையில் கணக்குப்பதிவியலில் கொஞ்சம் சறுக்கிய பிள்ளை, முதல் கலந்தாய்விலேயே வெளியே நிற்கிறது. அப்படி நிற்கிற பிள்ளையைத்தான் பஸ் அனுப்பி அழைத்துப்போகிறது தனியார் கல்லூரி. 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் வேறு எந்தப் படிப்பைவிடவும் பி.காமுக்குத்தான் எங்கள் பிள்ளைகள் முட்டி மோதுகிறார்கள். மதியத்துக்கு மேல் இரண்டாம் சுழற்சி நடத்த இடம் இருக்கிற கல்லூரிகளில் பி.காம் இடங்களை அதிகப்படுத்துங்கள். அப்படி அதிகப்படுத்தும்போது ஆசிரியர்களையும் போடுங்கள். கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே பல வணிகவியல் துறைகள் ஓடுகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் பழைய மாணவர் ஒருவரே அப்படி ஒரு துறையில் ஒன்பது வருடமாக நிரந்தரமில்லாமல் பாடம் நடத்துகிறார். செலவு குறைவு என்று நம்பி அனுப்புகிற இடத்தில் வகுப்பு நடக்கவில்லை என்றால், அடுத்த வருடம் நான் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று. முன்பணம் கட்டிய இடத்திலிருந்து வெளியே வருவது பற்றி. 2024-இல் ஒரு பையனுக்கு இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் அரசு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் அவனுடைய அசல் டி.சி.யும் மதிப்பெண் சான்றிதழும் ஏற்கெனவே முன்பணம் கட்டிய ஒரு கல்லூரியில். "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போ" என்றார்களாம். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. 2024-25 சேர்க்கைக்கு, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம் என்றும் சுற்றறிக்கை விட்டது. அந்தப் பையனின் அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்? நான் அந்தச் சுற்றறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு அவரோடு நேரில் போனேன். இரண்டு மணி நேரம் வராந்தாவில் உட்கார வைத்தார்கள், பிறகு சான்றிதழைக் கொடுத்தார்கள். கட்டிய பணம் வரவில்லை. அன்று நான் போகாமல் இருந்திருந்தால் அந்த இடமும் போயிருக்கும். எல்லாப் பையனோடும் போக என்னால் முடியாது. இந்த விதியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகச் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள். மீறினால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதன் கீழேயே போடுங்கள். கூப்பிட்டால் எடுக்கிற எண்ணாக அது இருக்கட்டும்.

தனியார் கல்லூரி நடத்துகிறவர்கள் எல்லோரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அப்பா இல்லாத பிள்ளைக்கு ஒரு பைசா வாங்காமல் பட்டம் வரை படிக்க வைத்த நிர்வாகத்தை எனக்குத் தெரியும். பக்கத்தில் அரசு கல்லூரி இல்லாத ஊர்களில் அவர்கள் இல்லையென்றால் எங்கள் பெண் பிள்ளைகள் பிளஸ் டூவோடு நின்றிருப்பார்கள். அப்படி நியாயமாக நடத்துகிறவர்களுக்கும் இந்தப் பட்டியல் நல்லதுதான். அவர்கள் கட்டணம் குறைவு என்பது ஊருக்குத் தெரியவரும்.

கடன் வாங்கிப் படிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஒரு பி.காமுக்காகக் கடனாளியாகி, முதல் வேலையின் சம்பளத்தில் தவணை கட்டத் தொடங்குகிற பிள்ளையைப் பார்க்கும்போது, அந்தக் கடன் தேவையே இல்லாமல் இருந்திருக்குமே என்றுதான் தோன்றுகிறது.

அந்த அம்மாவின் இளையவன் 400-க்கு 331 எடுத்திருந்தான். நானும் அவனும் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டோம். செய்யாறு கல்லூரியில் பி.காம் இடம் கிடைத்தது. புதுமைப் பெண் போலவே பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதில் பாதியை டாலி வகுப்புக்குக் கட்டுகிறான். மூத்தவளுக்கு இப்போது ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை.

அந்த மஞ்சள் பையில் இருந்த ரசீதுகளை அம்மாவின் சம்மதத்தோடு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். கல்லூரியின் பெயரை மறைத்துத்தான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது ஒரு கல்லூரியின் கதை மட்டும் அல்ல. நான் கேட்கிற பட்டியலில் என்னென்ன பத்திகள் இருக்க வேண்டும் என்பது அந்த ரசீதுகளைப் பார்த்தாலே தெரியும். நீங்கள் கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் சென்னைக்குக் கொண்டுவருகிறேன். வரும் பிப்ரவரிக்கு முன்பு கூப்பிட்டால் இந்த வருடப் பிள்ளைகளுக்கே உதவும்.

இப்படிக்கு,
முதுகலை வணிகவியல் ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருவண்ணாமலை மாவட்டம்